மெய்யின் மேல் புள்ளி

அனுப்பானடிப் பட்டறையில் ஐந்து மோட்டார் ஓடும்.
சுழலும் துணிச்சக்கரத்தில் பச்சை மெழுகைத் தேய்த்து
அண்டாவின் விலாவைச் சேர்த்துப் பிடிப்பான் சோணைமுத்து.
கருப்பு பறக்கும்.
அடியிலிருந்து எவர்சில்வர் எழுந்து வரும்.
சாயங்காலம் பல்லும் கண்ணும் தவிர
அவனில் ஏதும் அவன் நிறமில்லை.

நான் வாசலோரம். பெயர் வெட்டுகிறவன்.
சின்ன மிஷின், நடுங்கும் ஊசி.
‘மாமன் சீர்’, ‘காதணி விழா’, தேதி, ஊர்.
எழுத்துக்கு இரண்டு ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லை.

மாசியில் வந்தார்கள், பெரியாஸ்பத்திரியிலிருந்து.
பெனாசிர் என்றொரு ஆராய்ச்சிப் பெண்,
ஐஸ் பெட்டி, கையெழுத்துத் தாள்,
ஈர்க்குச்சியை விட மெல்லிய ஒரு தூரிகை.
மூக்கினுள் விட்டுச் சுழற்றியதும்
சோணைமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.
‘உள்ளயும் பாலிஷா?’ என்றான்.
திங்கள் காலை ஒன்று, சனி மாலை ஒன்று.
ஒப்பிட்டுப் பார்க்க
தூசி குடிக்காத ஆளும் வேண்டுமாம்.
‘வாசல்ல இருக்காரே, அவரை எடுங்க,’
என்றார் முதலாளி.
அப்படித்தான் நானும் அண்ணாந்தேன்.

ஆவணியில்தான் திரும்பி வந்தாள்.
தாள் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாய்க் கட்டங்கள்,
பரமபத அட்டை போல.
‘நோயா?’
‘இல்லண்ணே. எக்ஸ்ரேயில ஒண்ணுமில்ல.
உள்ள வேலை மாறியிருக்கு.’

மூக்கில் எடுத்தாலும்
நெஞ்சு வரைக்கும் ஒரே தடம்தான் என்றாள்.
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதே புத்தகம்,
எழுத்து ஒன்றும் அழியவில்லை.
எதை வாசிப்பது, எதைத் தாண்டிப் போவது என்று
தூசி குறி வைக்கிறது.
விஷத்தை அள்ளிக் கொட்டும் மரபணு
ராப்பகலாய்க் கத்திக்கொண்டிருக்கிறது.
சளி சுரக்கச் சொல்வது மூன்று பங்கு சத்தம்.
புண்ணை ஆற்றும் ஒன்று மட்டும்
பேச்சைக் குறைத்துக்கொண்டது.
‘அதுமேல குறி ஏறியிருக்குண்ணே,
எழுத்து மேல ஒட்டிக்கிற மாதிரி, ரொம்பச் சின்னதா.’

எனக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
‘க’ என்று வெட்டினால் வாய் திறக்கும்.
தலையில் ஊசியை ஒருமுறை தொட்டால் ‘க்’,
தொண்டையிலேயே நின்றுவிடும்.
எழுத்து அதே எழுத்துதான்.
ஒலி அரை மாத்திரை.
மெய் என்றுதான் அதற்குப் பெயரும்.

சோணைமுத்து கேட்டான்:
‘ஞாயித்துக்கிழமை லீவுல சரியாகாதா?’
‘சிலது திங்களுக்குள்ள அடங்கிருது. சிலது அடங்கல.’
‘வேலையை விட்டா?’
‘தெரியலண்ணே.’
இந்தப் பட்டறைக்கு வந்த படித்தவர்களில்
அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

‘என்னோடது?’
பேனாவை மூடினாள். திறந்தாள்.
‘உங்களக் கணக்குல சேக்கல.
ஒப்பிடறதுக்கு ஆகல.’
‘ஏம்மா?’
‘சுத்தமா இல்லண்ணே.’

பதினோரு வருஷம்.
வாசல் என்றால் வெளியே என்று நினைத்திருந்தேன்.

முதலாளி ஒரு பெட்டி முகமூடி வாங்கினார்.
வியர்வையில் நனைந்து தாடைக்கு இறங்கிவிட்டன, எல்லாருக்கும்.
தூசியைத் தள்ள ஒரு பெரிய காத்தாடியும் மாட்டினார்.
அது வாசல் பக்கம் பார்த்து ஓடுகிறது.

நேற்று சிலைமானிலிருந்து ஒருத்தி
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.
‘என்னண்ணே வெட்டியிருக்கீங்க?
“மாமன சீர”ன்னு இருக்கு, சபையே சிரிக்குது.’
பார்த்தேன்.
என் கைதான்.
வேண்டுமென்றே விட்டேனா, தெரியவில்லை.
ஊசியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
உள்ளே ஒரு மோட்டார் நின்றது.
இருமல்.
மறுபடி ஓடியது.

இரண்டு புள்ளி. வைத்தேன்.
முந்தானையை ஒதுக்கிக்கொண்டு அவள் குனிந்தாள்,
எழுத்தில் ஒட்டிய இரும்புப் பொடியை ஊதிவிட
உதடு குவித்து, மூச்சை உள்ளே இழுத்து.

‘ஊதாதீங்க,’ என்றேன்.
கத்தியே விட்டேன் போல.
குடம் அவள் கையில் ஆடியது.
ஈரத்துணியைத் தேடி எடுத்து
நானே துடைத்துக் கொடுத்தேன்.